ஆஸ்போர்னைக் கவிழ்த்தது அறிவிப்பு மட்டுமா?
தூக்கிச் செல்லும் கணினிகளை விற்ற ஆஸ்போர்ன் நிறுவனம், அடுத்த மாடலை அவசரப்பட்டு அறிவித்ததால், பழையதை வாங்க ஆளில்லாமல் 1983 செப்டம்பரில் திவாலானது என்கிறது ஒரு கட்டுரை. மேலாண்மை வகுப்புகளில் காலங்காலமாக ஓடும் கதைதான் இது, ஆனால் பாதிக் கதை. 1981-இல் வந்த அதன் முதல் கணினியான ஆஸ்போர்ன் 1-இன் திரை வெறும் 5 அங்குலம், வரிக்கு 52 எழுத்து. அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். நீளமான வரியை முழுசாகப் படிக்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 11 கிலோ எடை வேறு, தையல் மெஷினைத் தூக்குகிற மாதிரிதான். 1795 டாலருக்கு வேர்ட்ஸ்டார் (எழுதுவதற்கு), சூப்பர்கால்க் (கணக்குப் போடுவதற்கு) போன்ற மென்பொருள்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்ததால் அப்போது அது விற்றது, சரி. 1982-இல் போட்டி நிறுவனமான கேப்ரோ அதே 1795 டாலருக்கு 9 அங்குலத் திரையும் வரிக்கு 80 எழுத்தும் கொடுத்தபின் யார் இதை வாங்குவார்கள்? அப்புறம் 1983-இல் ஐபிஎம் கணினிக்கான மென்பொருள்களை ஓட்டும், காம்பேக் நிறுவனத்தின் தூக்கிச் செல்லும் கணினியும் கடைக்கு வந்துவிட்டது. ஆஸ்போர்னின் புதிய எக்ஸிக்யூட்டிவ் மாடலோ 2495 டாலர், திரை 7 அங்குலம்தான், உள்ளே அதே பழைய சிபி/எம் இயங்குதளம், ஐபிஎம்முடையது அல்ல. வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் தப்பித்திருக்குமா என்பது சந்தேகமே. நிறுவனத்தைத் தொடங்கிய ஆடம் ஆஸ்போர்னுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்: சிறுவயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில், அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமணரின் பக்தர். 2003-இல் ஆடம் காலமானதும் கொடைக்கானலில்தான்.