அந்த 35 ரூபா 82 காசு என் காசு இல்ல

நான் விக்கிற பிளவுஸ் பேட்டர்னை (அளவு பார்த்துத் துணி வெட்டறதுக்கான பிடிஎஃப் வரைபடம்) வாங்கின ஒரு தம்பி, அந்த விலையை ஒரு குரூப்ல ஸ்கிரீன்ஷாட்டா போட்டிருக்கார். நேத்து சாயங்காலத்துல இருந்து அதை எனக்கு இருபது பேராவது அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன். கீழ இருந்த கமெண்ட்டையும் ஒண்ணு விடாம படிச்சேன். "199-னு போட்டுட்டு 234.82 எடுக்குறாங்க, ஜிஎஸ்டி பேரைச் சொல்லி அக்கா நல்லா சம்பாதிக்கிறாங்க"ன்னு எழுதின தம்பிக்கு அங்கேயே பதில் சொல்லலாம்னு நாலு தடவை டைப் பண்ணி அழிச்சேன். அந்த குரூப்ல எழுதினா சண்டையாத்தான் போகும். அதான் இங்க எழுதறேன். நீளமா இருக்கும். பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. அந்த 35 ரூபா 82 காசு என் காசு இல்ல. 199-க்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்க, பைசா மாறாம 35.82 வரும். அது என் அக்கவுண்ட்டுக்கு வருது, வாஸ்தவம். ஆனா அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட்டு அரசாங்கத்துக்குக் கட்டிடறேன். நடுவுல அது என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். நீங்க டெய்லர் கடையில பிளவுஸ் பிட் கொடுத்துட்டுப் போறீங்க, தைச்சு முடியற வரைக்கும் அது டெய்லரோட அலமாரியிலதான் இருக்கும். அதுக்காகத் துணி டெய்லரோடதுன்னு யாராவது சொல்வீங்களா?

ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்த வார வரவுல இருக்கிற வரியைத் தனியா எடுத்து வேற ஒரு அக்கவுண்ட்ல போட்டுடுவேன். அதுல இருந்து வீட்டுக்கு ஒரு ரூபா எடுத்ததில்ல, மகனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாசத்துல கூட. இந்தப் பழக்கம் சும்மா வரல. சூடு பட்டு வந்தது.

என் யூட்யூப் தையல் சேனல் ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் இது எதுவும் தெரியாது. சேவை செய்யறவங்களுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவுன்னு கேள்விப்பட்டிருந்தேன். நம்ம பேட்டர்ன், கோர்ஸ், மெம்பர்ஷிப் எல்லாம் சேர்ந்து எங்க 20 லட்சம் வரப்போகுதுன்னு இருந்துட்டேன். யூட்யூப் விளம்பரப் பணம் டாலர்ல வருது, வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்யற சேவை, அதுக்கு வரி சுழி, அதனால கணக்குலயே சேராதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். அங்கதான் தப்பு. வரி சுழியா இருந்தாலும், வரி விலக்கு உள்ளதா இருந்தாலும், 20 லட்சம் தாண்டியாச்சான்னு பார்க்கும்போது எல்லாத்தையும் கூட்டணும். டாலரும் சேரும், வரியே இல்லாத அச்சுப் புத்தக விற்பனையும் சேரும்.

2022 தீபாவளிக்கு ஆரி வேலை கோர்ஸ் போட்டேன், ஞாபகம் இருக்கும். அதுல 20 லட்சத்தைத் தாண்டிட்டேன். எனக்குத் தெரியவந்தது மார்ச்ல. ஆடிட்டர் பேங்க் ஸ்டேட்மெண்ட்டைப் புரட்டிக்கிட்டே இருந்தவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "எப்பம்மா தாண்டுச்சு, பார்க்கலையா?"ன்னு கேட்டார். நடுவுல நாலு மாசம் வித்தது 3 லட்சத்து 40 ஆயிரம். வாங்கினவங்க யார்கிட்டயும் வரின்னு தனியா நான் வாங்கல. முடிஞ்சுபோன விற்பனைக்கு "இன்னும் கொஞ்சம் கொடுங்க"ன்னு யாரைப் போய்க் கேட்க முடியும்? அதனால வாங்கின தொகைக்குள்ளேயே வரி இருக்கிறதா வெச்சுக் கணக்கு போட்டார். 51,864 ரூபா. அதுக்கு மேல வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி. ரெண்டு வளையலை அடகு வெச்சுத்தான் கட்டினேன்.

அதே வருஷம்தான் 70,000 ரூபாய்க்கு கேமரா வாங்கியிருந்தேன். அதுக்கு மேல 12,600 வரி கொடுத்தேன். தொழிலுக்கு வாங்கற பொருளுக்குக் கொடுத்த வரியை, உள்ளீட்டு வரின்னு, நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். ஆனா பதிவு எடுக்கறதுக்கு முன்னாடி வாங்கின கேமராவுக்கு அப்படிக் கழிச்சுக்க முடியாது, அதுவும் போச்சு. "ஜிஎஸ்டி பதிவு இருந்தா உங்களுக்கு எல்லாம் திரும்பி வந்துடும்ல"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். என்ன திரும்பி வரும்? நான் விக்கிறது என் கையும் கண்ணும். எங்கம்மா சொல்லிக் கொடுத்த தொழிலுக்கு எந்தக் கடையில பில் வாங்கிக் காட்டறது?

சரி, இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன்.

"வேற சேனல்ல இதே மாதிரி பேட்டர்ன் 199-க்கே தராங்களே." தரட்டும். 20 லட்சத்துக்குக் கீழ இருந்து, பதிவும் எடுக்காம இருந்தா, அவங்க ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. அவங்க சரி. நான் தாண்டிட்டேன், நான் வாங்காம இருக்கக் கூடாது. நானும் சரி. இப்பத்தான் ஆரம்பிக்கிற தங்கச்சிங்களுக்கு ஒரு வார்த்தை: பெங்களூருல ஒருத்தருக்கு ஒரு பிடிஎஃப் வித்துட்டோமே, உடனே பதிவு எடுக்கணுமோன்னு பயப்படாதீங்க. சேவைக்கு வெளிமாநில விற்பனையா இருந்தாலும் அந்த 20 லட்சம் வரைக்கும் விலக்கு இருக்கு, 2017 அக்டோபர்லயே கொடுத்துட்டாங்க. ஆனா டாலரைச் சேர்த்துக் கூட்டுங்க. என்னை மாதிரி ஏமாறாதீங்க.

"6 சதவீதத் திட்டம்னு ஒண்ணு இருக்கே, அதுல போகலாமே." விசாரிக்காம இருப்பேனா? வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும் இருந்தா, வரவுல 6 சதவீதம் மட்டும் வரியா கட்டற அந்தத் திட்டம் சேவைக்கு உண்டு. ஆனா மாநிலத்தைத் தாண்டி விக்கிறவங்க அதுல சேர முடியாது. என் மெம்பர்ல பாதிப் பேர் பெங்களூரு, மும்பை, புதுச்சேரி. அவங்களை வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?

"பாடம் சொல்லித் தர்றதுக்கு வரி கிடையாதே." ஸ்கூல் படிப்புக்கும், சட்டப்படி அங்கீகாரம் உள்ள படிப்புக்கும்தான் அந்த விலக்கு. பிளவுஸ் கட்டிங்குக்கு யார் அங்கீகாரம் கொடுத்தா? பதிவு பண்ணி வெச்ச வீடியோ கோர்ஸுக்கு 18 சதவீதம். நான் வெச்ச ரேட் இல்ல.

"எதுக்கு எந்த மாநிலம்னு கேக்குறீங்க, என் விவரத்தை வித்துடுவீங்களா?" பில்லுல வாங்கறவங்க மாநிலம் இருக்கணும். ஆன்லைன் சேவைன்னா எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் போடணும்னு 2024 டிசம்பர் 31-ல சுற்றறிக்கையே வந்திருக்கு. நீங்க தமிழ்நாடுன்னா மத்திய வரி 9, மாநில வரி 9-ன்னு பிரியும். கர்நாடகான்னா ஒருங்கிணைந்த வரின்னு மொத்தமா 18 போடணும், அதுல மாநிலத்தோட பங்கு அங்க போகும். மாநிலம் தெரியாம எந்தப் பெட்டியில போடறது? யாழ்ப்பாணத்துல இருந்தோ மலேசியாவுல இருந்தோ வாங்கி, பணம் அந்நியச் செலாவணியா வந்தா அது ஏற்றுமதி, 18 போடறதில்ல. "அவங்களுக்கு மட்டும் 199-ஆ"ன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

யூட்யூப்ல ஜாயின் பட்டனை அழுத்தி மெம்பர்ஷிப்புக்கு அதே 199 கட்டறவங்க இருக்கீங்க. அங்க ஒருத்தரும் என்னைத் திட்டறதில்ல, ஏன்னா அங்க வரி தனியா கண்ணுக்குத் தெரியாது. வரி இல்லாம இல்ல. முதல்ல அதைக் கழிப்பாங்க, மிச்சம் 168 ரூபா 64 காசு. அதுல 70 சதவீதம், அதாவது 118 ரூபாதான் எனக்குக் கணக்கு. 199 கொடுத்த உங்களுக்கு முழுசும் அக்காவுக்குப் போச்சுன்னு சந்தோஷம். மறைச்சு வாங்கினா கோபம் வரல, பில்லுல எழுதிக் காட்டினா கொள்ளைன்னு பேர். இது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

ஒரே ஒரு விஷயம் ஒத்துக்கறேன். முதல் பக்கத்துல வெறும் 199-னு பெரிய எழுத்துல போட்டுட்டு, பணம் கட்டற கடைசிப் பக்கத்துல வரியைச் சேர்த்தது சரியில்ல. கடைசி நேரத்துல விலையை ஏத்திக் காட்டக் கூடாதுன்னு 2023-லயே நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்திருக்கு. இன்னைக்குக் காலையிலேயே மாத்திட்டேன், இப்ப முதல் பக்கத்துலயே 234.82, வரி உட்படன்னு இருக்கு. "அக்கா, மேலயே போட்டுடுங்க"ன்னு இன்பாக்ஸ்ல ஒரு வரி சொல்லியிருந்தா நேத்தே மாத்தியிருப்பேன். கொள்ளைன்னு எழுதினாத்தான் மாத்துவேனா?

"நீங்களே அந்த 35 ரூபாயை ஏத்துக்கலாமே"ன்னு கேட்டவங்களுக்கும் சொல்றேன். 199-க்குள்ளேயே வரின்னு வெச்சா எனக்கு நிக்கறது 168.64. அந்த விலைக்குத் தர முடியுமான்னு கேளுங்க, அது நியாயமான கேள்வி. ஒரு கட்டோரி பிளவுஸ் (மார்புப் பகுதி கிண்ணம் மாதிரி வர்ற பிளவுஸ்) பேட்டர்ன் எப்படி வருதுன்னு சொல்றேன். 28 இஞ்ச் மார்பளவுல இருந்து 44 வரைக்கும் ரெண்டு ரெண்டு இஞ்சா ஒன்பது சைஸ். ஒவ்வொரு சைஸுக்கும் ஆர்ம்ஹோல் வளைவு, அதாவது கை பொருத்தற இடம், தனித்தனி. 36-ஐ அப்படியே பெரிசாக்கினா 42 ஆகாது, அக்குள்ல துணி கூடி நிக்கும். பேப்பர்ல வெட்டி, காடாத் துணியில தைச்சு, அந்தந்த அளவு ஆளுக்குப் போட்டுப் பார்த்து, டார்ட்டை (உடம்புக்குப் பொருந்தறதுக்குப் பிடிக்கிற மடிப்பை) கால் இஞ்ச் இறக்கி, மறுபடி தைச்சு. போன தடவை 40 சைஸுக்கு மட்டும் மூணு தடவை பிரிச்சேன். அப்புறம் அதை ஏ4 தாளுக்குத் துண்டு துண்டாப் பிரிக்கணும். முதல் தாள் மூலையில ஒரு இஞ்ச் கட்டம் போட்டிருப்பேன், பிரிண்ட் எடுத்துட்டு ஸ்கேல் வெச்சுப் பார்க்கறதுக்கு. பதினோரு நாள் ஆச்சு கடைசிப் பேட்டர்னுக்கு.

இன்னொண்ணும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. சிவகாசியில அச்சடிச்ச என் கட்டிங் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்ல. அதே புத்தகத்தை மின்நூலா வித்தா 5 சதவீதம், அச்சுல ஒரு பதிப்பு இருக்கிறதால. அச்சுல வராத தனிப் பேட்டர்ன்னா 18. அதே கை, அதே கோடு, அதே ஆர்ம்ஹோல். அச்சடிக்கக் காசு இல்லாம பிடிஎஃப்-ஆ விக்கிற பொண்ணு 18 கட்டணும். உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இதுதானே? இதைக் கேட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டா நானே முதல் ஆளா ஷேர் பண்ணுவேன். ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க, நானும் கூட வரேன். வாங்கிக் கட்டறவளைத் திருடின்னு சொல்லாதீங்க.

நேத்தே நாலு பேர் இன்பாக்ஸ்ல "பில் வேணாம்க்கா, ஜிபே பண்ணிடறேன், 199-க்கே கொடுங்க"ன்னு கேட்டாங்க. நல்ல மனசோடதான் கேட்டிருப்பீங்க. தர மாட்டேன். பெங்களூருல 2025 ஜூலையில யுபிஐ வரவைப் பார்த்தே சின்னச் சின்னக் கடைக்காரங்களுக்கு வணிகவரித்துறை நோட்டீஸ் அனுப்பினது எல்லாரும் பார்த்ததுதானே. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயமே இல்லாட்டியும் தர மாட்டேன்.

ஒரு கமெண்ட் மட்டும் இன்னும் தொண்டையில நிக்குது. "வீட்டுல உக்காந்து தைக்கிறவளுக்கு என்னடா ஜிஎஸ்டி." அதுக்கு 140 சிரிப்பு.

எங்கம்மா வீட்டுத் திண்ணையில மெஷின் போட்டுத் தைச்சவங்க. வெட்டினது போக மிச்சத் துணியை, விரல் அகலத் துண்டா இருந்தாலும், சுருட்டி பிளவுஸோடயே ஊசி குத்திக் கொடுப்பாங்க. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு அம்மா வந்து, எங்கம்மா அரை மீட்டர் துணியை அடிச்சுட்டாங்கன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்டாங்க. எங்கம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. தைச்ச பிளவுஸைப் பிரிச்சாங்க. முன்பாகம், பின்பாகம், கை, பட்டி, மிச்சத் துண்டு எல்லாத்தையும் தரையில பரப்பி, இஞ்ச் டேப்பை அந்த அம்மா கையில கொடுத்து "அளந்துக்கோங்க"ன்னாங்க. அளவு சரியா இருந்துச்சு. அந்த அம்மா "சரி சரி, தைச்சு வை"ன்னு போயிட்டாங்க. எங்கம்மா ராத்திரி முழுக்க உக்காந்து மறுபடி தைச்சாங்க. அதுக்குக் கூலி கிடையாது.

நேத்து ராத்திரி என் கணக்கையெல்லாம் அப்படித்தான் பரப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் ஜிஎஸ்டி எண் ஒவ்வொரு பில்லுலயும் இருக்கு, 33-ல ஆரம்பிச்சு எண்ணும் எழுத்துமா 15 இருக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பாருங்க, எந்த மாசம் ரிட்டர்ன் போட்டேன்னு தேதியோட வரும். லாகின் கூட வேணாம். யார் வேணும்னாலும் அளந்துக்கோங்க.

ஸ்கிரீன்ஷாட் போட்ட தம்பி, உங்க வீட்டுல கேட்டாங்கன்னு வாங்கியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். உங்க பில் நம்பர் எனக்குத் தெரியும், வெளியில சொல்ல மாட்டேன். 234 ரூபா 82 காசையும் திருப்பி அனுப்பிட்டேன், திருப்பிக் கொடுத்ததுக்கான கிரெடிட் நோட் உங்க மெயில்ல இருக்கு. பேட்டர்னை வெச்சுக்கச் சொல்லுங்க. பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' வேணாம், 100 சதவீதத்துல எடுக்கணும், இல்லேன்னா பிளவுஸ் இறுக்கும். முதல் தாள்ல இருக்கிற ஒரு இஞ்ச் கட்டத்தை ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டு வெட்டச் சொல்லுங்க.