மாநாட்டில் வாங்கும் பாடப்புத்தகமும் வாரத்தில் ஒரு காலி நாளும்

வீட்டுக்கல்வி என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் படிக்கவைப்பது. அப்படிப்பட்ட பெற்றோர் கூடிப் பேச்சுக் கேட்டு, ஸ்டால்களில் பாடப்புத்தகம் வாங்கும் மாநாடுகளின் சீசன் வந்தால் அவர்களுடைய எல்லாக் குழுக்களிலும் ஒரே கேள்விதான்: "எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. இதை வாங்கினால் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வாரத்தில் ஒரு நாள் மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 5 பாடம், 36 வாரம் என்று அமைத்த புத்தகத்தில் 180 பாடங்கள் இருக்கும். காய்ச்சல், விருந்தாளி, வெளியூர் எல்லாம் போக வாரத்தில் 4 நாள்தான் உட்கார முடிகிறது என்றால் அதே புத்தகம் 45 வாரம் இழுக்கும். அப்போது முதலில் வெட்டுப்படுவது கணக்குப் பாடமில்லை, வெளியே போகும் நாள்தான். அதனால் 130, 140 பாடங்களுக்குள் முடிகிற புத்தகமாகப் பாருங்கள். இல்லையென்றால் எந்தப் பாடங்களை விடலாம் என்று ஆசிரியர் கையேட்டிலேயே குறித்திருக்கிற புத்தகமாகத் தேடுங்கள்.

இன்னொரு கணக்கையும் ஸ்டாலில் நின்றபடியே போட்டுவிடலாம். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலு பாடம், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியது 25 நிமிடம் என்றால் 300 நிமிடம். அதாவது ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உங்களுடையது மட்டும் போகிறது. சமையல், துணி, கைக்குழந்தை எல்லாம் இதற்கு வெளியே. வரலாறு, அறிவியல் இரண்டையும் மூவருக்கும் சேர்த்தே நடத்தினால் 200 நிமிடமாகக் குறையும். எழுத்தையும் கணக்கையும் மட்டும் அவரவர் மட்டத்துக்குத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது "எந்த வயசுக்கு?" என்பதில்லை. "ஒரு பாடத்துக்குப் பெற்றோர் எவ்வளவு நேரம் கூட இருக்கணும்?" என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் வரவில்லை என்றால் நேரம் அதிகம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதல் பாடத்தைப் படிக்காதீர்கள். எல்லாரும் புரட்டிப் பார்ப்பது அதைத்தான் என்று அச்சிட்டவர்களுக்குத் தெரியும். மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிரித்து ஒரு பாடத்தை முழுசாகப் படியுங்கள். விளக்கம் சுருங்கி வெறும் பயிற்சியாகத் தேய்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எழுதித் தீர்க்கிற ஒர்க்புக்கா, இளைய பிள்ளைக்கும் கைமாற்றக்கூடிய புத்தகமா என்றும் பாருங்கள். வீட்டுக்குள் நகலெடுக்க அனுமதி இருக்கிறதா என்பது உரிமைப் பக்கத்தில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பார்ப்பது மட்டும், வாங்குவது மறுநாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. "இன்று மட்டும் தள்ளுபடி" என்பவரிடம் இணையத்திலும் அதே விலை கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

அமர்வுகளில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று போதும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் கதவுப் பக்கத்து ஓர நாற்காலியில் உட்காருங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் குழந்தை அழும்போது எழுந்து போகவும் முடியாது, பேச்சும் காதில் ஏறாது. சட்டம் பற்றிய அமர்வு என்றால் பேசுகிறவர் எந்த நாட்டு, எந்த மாநிலச் சட்டத்தைச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும், ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அங்கே ஒருவருக்குச் சரியான ஆலோசனை இங்கே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

இனி அந்தக் காலி நாளுக்கு வருவோம். அருங்காட்சியகத்தில் ஏற்படும் களைப்பைப் பற்றி பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916-லேயே கட்டுரை எழுதிவிட்டார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் அவர். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க மக்கள் எப்படிக் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். பெரியவர்களுக்கே அந்தக் கதி என்றால் கண்ணாடிப் பெட்டி தலைக்கு மேல் இருக்கிற ஆறு வயசுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உள்ளே 45 நிமிடம், இரண்டு கூடம். அதற்கு மேல் வேண்டாம். நுழைவுக் கட்டணம் கொடுத்தாயிற்றே என்று எல்லாக் கூடத்தையும் இழுத்துக்கொண்டு போனால் பிள்ளைக்கு மிஞ்சுவது கால் வலிதான்.

ஒரே பொருளின் முன்னால் பத்து நிமிடம் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். பறவை எலும்புக்கூடு இதற்கு அருமையானது. பறக்கிற பறவையின் மார்பெலும்பு நடுவில் படகின் அடிப்பகுதி மாதிரி ஒரு முகடு துருத்திக்கொண்டு நிற்கும். சிறகடிக்கிற பெரிய தசைகள் பிடித்திருப்பது அதில்தான். அப்புறம் நெருப்புக்கோழியிடம் கூட்டிப்போனால் மார்பெலும்பு தட்டையாக இருக்கும். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். இரண்டையும் வரைந்த பிள்ளைக்கு வித்தியாசம் கைவழியே தெரிந்துவிடும். பக்கத்தில் பென்குயின் இருந்தால் இன்னும் நல்லது: பறக்காது, ஆனால் முகடு இருக்கும். ஏன் என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரட்டும். தண்ணீருக்குள் அது சிறகால்தான் நீந்துகிறது என்ற பதிலை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம்.

கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும், பல அருங்காட்சியகங்களில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள். தாளுக்கு அடியில் கெட்டி அட்டை வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் காட்சிப் பெட்டியின் கண்ணாடி மேலேயே வைத்து எழுதுவார்கள், காவலர் ஓடிவருவார். பள்ளிக் குழுக்கள் பெரும்பாலும் காலையில் வந்து மதியத்துக்குள் கிளம்பிவிடும், அதனால் வார நாளில் மதியத்துக்கு மேல் போனால் கூட்டமிருக்காது. குழந்தை வண்டியை விடுவார்களா, எவ்வளவு பெரிய பை கொண்டுபோகலாம், குழுக் கட்டணத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

பல குடும்பங்கள் சேர்ந்து போகும்போது சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, வருகிறேன் என்று சொன்னவர்கள் வராமல் ஆள் குறைந்து குழுக் கட்டணம் கைநழுவும். கட்டணத்தை முன்பே வாங்கிவிடுங்கள், வராவிட்டால் திரும்பக் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு, "வாசலில் சந்திப்போம்" என்பது. பெரிய கட்டடத்துக்கு நாலு வாசல் இருக்கும். டிக்கெட் கவுன்டருக்கு இடப்பக்கம், இத்தனை மணி, 15 நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை என்று எழுதி அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரை எழுதி, அழியாமலிருக்க மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள்.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?" என்று வழியில் யாராவது கேட்பார்கள். பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. "வீட்டிலேயே படிக்கிறாங்க" என்று நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு நடக்கலாம். ஆனால் பள்ளி நேரத்தில் வெளியே இருக்கும் பிள்ளைகளை அதிகாரிகள் விசாரிக்கிற ஊர் என்றால், வீட்டுக்கல்விக்குப் பதிவு செய்த கடிதத்தின் நகல் பையில் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். பிரிட்டனில் ஷார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளர் வற்புறுத்தியது இதைத்தான்: பார்த்ததை, கேட்டதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும், நடுவில் குறுக்கிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது வெளியே வராதவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஏற்கெனவே பார்த்தவரிடம் சொல்வதைவிட நீளமாகச் சொல்வார்கள். எதை நீளமாகச் சொன்னார்களோ அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் எந்தக் கூடத்துக்குப் போவது, அடுத்த மாநாட்டில் எந்த ஸ்டாலில் நிற்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.