பீஸ் கட்ட நகையை எடுத்து வருகிறவர்களுக்கு

மாதம் 35,000, 40,000 ரூபாய் வருமானத்தில் ஓடுகிற குடும்பம், ஒரு பிள்ளைக்கு வருடம் ஒரு இலட்சத்துக்கு மேல் ஸ்கூல் பீஸ் கட்டக் கூடாது. கடன் வாங்கிக் கட்டவே கூடாது. ரொம்ப நாளாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த அட்மிஷன் தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வசதி உள்ளவர்கள் எங்கே வேண்டுமானாலும் படிக்க வைக்கட்டும். நான் பேசுவது மற்றவர்களிடம்.

மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் நான் நகை மதிப்பீட்டாளர். உரசிப் பார்த்து, எடை போட்டு, இவ்வளவு தரலாம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் எங்கள் கவுன்ட்டரில் கூட்டம் சேரும். வைத்தியச் செலவுக்கும் விவசாயத்துக்கும் வைக்கிறவர்கள் எல்லா மாதமும் வருவார்கள். மே, ஜூனில் வருகிற இளம் தம்பதிகள் பெரும்பாலும் பீஸ் கட்டத்தான் வருகிறார்கள். முதல் வருடம் ஆரம் வரும். மறு வருடம் அதை மீட்க முடியாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள், கூடவே வளையல் வரும். பிள்ளை மூன்றாவது நான்காவது போகும்போது தாலிக்கொடி வருகிறது. கழுத்தில் மஞ்சள் கயிறோடு அந்தப் பெண் கையெழுத்துப் போடுவார்.

கடன் எதற்காக என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். கேட்டால், "புள்ளைக்கு ஸ்கூல் பீஸ்ண்ணே" என்று சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. பெருமையாகச் சொல்கிறார்கள். பிள்ளைக்காக எதையும் செய்வேன் என்ற அந்த மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மனசுக்கு எவ்வளவு விலை போட முடியும் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இலட்சம் என்று சொன்னாலும் அது இலட்சத்தோடு நிற்பதில்லை. புத்தகம், நோட்டு எல்லாம் பள்ளியிலேயே வாங்க வேண்டும். கறுப்பு ஷூ ஒன்று, வெள்ளை ஷூ ஒன்று. ஆண்டு விழா டான்ஸுக்கு டிரெஸ் வாடகை. அபாகஸுக்குத் தனி, ரோபோட்டிக்ஸுக்குத் தனி. பள்ளியை ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டு, ஜெய்ஹிந்த்புரத்துப் பிள்ளையையும் செல்லூர்ப் பிள்ளையையும் காலை ஏழு மணிக்கே வேனில் ஏற்றுகிறார்கள், அதற்கு வேன் பீஸ். தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009இலேயே சட்டம் வந்துவிட்டது. நீதிபதி தலைமையில் குழு போட்டு, இந்தப் பள்ளி இவ்வளவுதான் வாங்கலாம் என்று நிர்ணயிக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டால், என் முன்னால் நிற்கிற பெற்றோருக்குத் தெரிவதில்லை. அப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குப் புதுச் செய்தி.

சரி, எதற்காக இவ்வளவு கட்டுகிறார்கள்? நான் கேட்டுப் பார்த்ததில் பத்தில் எட்டுப் பேர் சொல்வது இங்கிலீஷ். செல்லூரில் தறிப்பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவர் சொன்னார்: "ஒரு ஆபீஸுக்குப் போனா அவிங்க இங்கிலீஷ்ல பேசுறதக் கேட்டு தலையத் தலைய ஆட்டிட்டு வருவேன்ணே. அந்த அவமானம் எம்புள்ளைக்கு வரக் கூடாது." இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆங்கிலம் தெரியாததால் இந்த ஊரில் எத்தனை கெட்டிக்காரர்கள் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவர் கேட்பது நியாயமான பொருள். அதற்குக் கொடுக்கிற விலையும் வாங்குகிற கடையும்தான் சரியில்லை.

பிள்ளைக்கு ஆங்கிலம் வருவது நிறைய வாசிப்பதாலும், கூச்சமில்லாமல் பேசுவதாலும். தமிழில் பேசினால் அபராதம் போடுகிற பள்ளியில் பிள்ளை தமிழும் பேசாது, இங்கிலீஷும் பேசாது, பேசாமல் இருக்கப் பழகும். அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அங்கே கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

அடுத்தது பாடம். மெட்ரிக் பள்ளி என்றால் பாடம் உசத்தி என்று இன்னமும் நினைக்கிறவர்கள் உண்டு. சமச்சீர்க் கல்வி 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளையும் படிப்பது ஒரே பாடத்திட்டம், பத்தாம் வகுப்பில் எழுதுவது ஒரே கேள்வித்தாள். வருடம் 80,000 கட்டுகிற வீட்டிலும் அதே புத்தகம்தான் மேஜையில் கிடக்கிறது. சி.பி.எஸ்.இ. வேறு பாடத்திட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு என்பதாலேயே அது உங்கள் பிள்ளைக்கு நல்லது என்று ஆகிவிடாது.

"தனியார் பள்ளிப் பிள்ளைகள்தானே நல்லா மார்க் வாங்குது?" என்று என் தங்கச்சி மாப்பிள்ளையே கேட்டார். வாங்குகிறார்கள். அந்த மார்க் பள்ளியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்று பார்க்க ஆந்திரத்தில் ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஐந்து மாவட்டங்களில் 180 கிராமங்கள். தனியார் பள்ளியில் சேர விருப்பம் சொன்ன அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் போட்டு, பெயர் விழுந்தவர்களுக்குச் செலவை ஏற்றுத் தனியார் பள்ளியில் படிக்க வழி செய்தார்கள். நான்கு வருடம் கழித்து இரு தரப்பையும் சோதித்தால் தெலுங்கிலும், கணக்கிலும், ஆங்கிலத்திலும், அறிவியல், சமூக அறிவியலிலும் வித்தியாசமே இல்லை. அரசுப் பள்ளியில் சொல்லிக் கொடுக்காத இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. அவை கிராமத்துச் சின்னப் பள்ளிகள், இலட்சம் வாங்குகிற ஏ.சி. பள்ளிகள் இல்லை. இருந்தாலும் எனக்கு அது ஒன்றைக் காட்டியது. மார்க்கில் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி, பிள்ளை பள்ளிக்கு வரும்போதே வீட்டிலிருந்து கொண்டு வருவது.

பள்ளியே போதும் என்றால் டியூஷன் எதற்கு? 2025இல் மத்திய அரசு எடுத்த கல்விக் கணக்கெடுப்பில், நகரத்து மாணவர்களில் 30 சதவீதத்துக்கு மேல் டியூஷனோ கோச்சிங்கோ போகிறார்கள் என்று வந்தது. அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் சாயங்காலம் ஒரு சுற்று வந்தால் அந்தக் கணக்கெடுப்பே தேவையில்லை. பதினொன்று, பன்னிரண்டில் நீட் கோச்சிங் என்று மறுபடி இலட்சங்கள். அதற்குள் நகை தீர்ந்துவிட்டிருக்கும். நிலம் இருந்தால் பத்திரம் வரும்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, நீட் தேறினால், மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. 2020இல் சட்டமாக வந்தது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. "பத்தாவது முடிச்சிட்டு கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாத்திரலாம்ண்ணே" என்று ஒரு அக்கா திட்டம் போட்டு வைத்திருந்தார். அது நடக்காது. ஆறாம் வகுப்பிலேயே முடிவு எடுத்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு 2022 முதலும் பையன்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எல்.கே.ஜி. அட்மிஷன் பாரம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

பணத்தின் கணக்கு என் தொழில், அதனால் சொல்கிறேன். வருடம் ஒரு இலட்சத்தை 12 வருடம் ஏழு சதவீத வட்டியில் போட்டு வந்தால் கிட்டத்தட்ட 18 இலட்சம் சேரும். பெண் பிள்ளை என்றால் செல்வமகள் சேமிப்பில் வட்டி இன்னும் கூடுதல். படிப்புக்காகப் பாதி வரை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்போதுதான் பணம் உண்மையிலேயே வழியைத் திறக்கும். நல்ல கல்லூரி, வெளியூர் விடுதி, ஒரு லேப்டாப், வேலை தேடுகிற ஒரு வருடம் வீட்டில் நெருக்கடி இல்லாமல் இருப்பது. அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற பெற்றோரை நான் ரொம்பப் பார்க்கிறேன். எல்.கே.ஜி.யிலேயே செலவழித்து முடித்திருப்பார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அம்மா அப்பா கவுன்ட்டரில் நிற்கும்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறது, பல நேரம் அதே பள்ளி யூனிஃபார்மில். கழற்றி வைக்கிற நகையையும் பார்க்கிறது, "உனக்காகத்தான்டா எல்லாம்" என்பதையும் கேட்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை என்ன செய்வது என்று தெரியுமா? அப்புறம் ஒரு யூனிட் டெஸ்டில் மார்க் குறைந்தால் வீட்டில் விழுகிற அடியில் அந்த நகையின் கோபமும் சேர்ந்து விழும். படிப்பது பிள்ளைக்குக் கடன் அடைக்கிற வேலையாகிவிடுகிறது. கட்டத் தவறினால் பிள்ளையைத்தான் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். பீஸ் பாக்கி என்று டி.சி.யில் எழுதவே கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்த அளவுக்கு இது ஒரு வழக்கமாக இருந்திருக்கிறது. என் மதிப்பீட்டில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது சாயங்காலம் கடன்காரனை நினைக்காமல் கதை கேட்கிற ஒரு அப்பா. எந்தப் பள்ளியும் அவருக்கு ஈடாகாது.

அரசுப் பள்ளி எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கிற தொடக்கப் பள்ளிகள் நம் மாவட்டத்திலும் உண்டு. கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பள்ளிதான் உங்கள் தெருவில் இருக்கிறது என்றால், சின்னதாக, கையைக் கடிக்காத ஒரு தனியார் பள்ளியில் சேர்ப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தனிக் கவனம் தருகிற இடம் கிடைத்தால், அதற்குப் பணம் கொடுப்பதும் நியாயமே. அரசையும் விடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போய்க் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

மதுரைக்காரர்கள் மறந்துவிடுகிற இன்னொன்று நம் உதவி பெறும் பள்ளிகள். நூறு வருடம் தாண்டியவை எத்தனை இருக்கின்றன! பாரதி 1904இல் தமிழாசிரியராக நின்ற சேதுபதி பள்ளி இன்னும் நடக்கிறது. அரசுச் சம்பளம் வாங்குகிற, பல வருட அனுபவம் உள்ள ஆசிரியர்கள், ஓடி ஆட ஒரு மைதானம், சொற்பக் கட்டணம். 7.5 சதவீதம் அங்கே கிடையாது, அதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்யுங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதே நம் ஊர் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். அப்புறம் யா. கொடிக்குளம். 2024 ஜனவரியில் ஆயி பூரணம் அம்மாள், வங்கியில் கிளார்க்காக வேலை பார்க்கிற ஒரு பெண், இறந்துபோன மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அந்த ஊர் அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். ஏழு கோடி ரூபாய் மதிப்புள்ள நிலம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அவரும் பிள்ளைகளின் படிப்புக்குத்தான் சொத்தைக் கொடுத்தார்.

காதுகுத்திலும் கல்யாண வீட்டிலும் "உங்க புள்ள எங்க படிக்குது?" என்று கேட்பார்கள். கேட்டவுடன் பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னதும் எதிரில் இருப்பவர் புருவம் உயர வேண்டும். இலட்சத்தில் ஒரு பங்கு அதற்காகவும் போகிறது. இதை மறுக்கிறவர்கள் தங்களையே கேட்டுப் பார்க்கட்டும்.

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் இருக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் பகுதியில் நன்றாக நடக்கிற அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எது? ஒன்றாம் வகுப்புக்கு அக்கறையான டீச்சர் இருக்கிறாரா, கழிப்பறை சுத்தமா, ஆங்கில வழி உண்டா? உங்கள் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அங்கே படித்து, நேரில் தெரிந்ததை மட்டும் கீழே எழுதுங்கள். ஊர் வாரியாகத் தொகுத்து ஏப்ரலுக்குள் இதே பக்கத்தில் போடுகிறேன். மே மாதம் கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் காட்ட எனக்கு அது வேண்டும்.