தடை தாலிபான்கள் மேல்தான், கோதுமை மேல் இல்லை

அண்ணாச்சி, “தாலிபான் மேல் ஐ.நா. தடை இருக்கிறது, ஆப்கானிஸ்தானுக்குக் கோதுமை அனுப்புவதே சட்டவிரோதம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தடை, ஐ.நா. பட்டியலில் உள்ள தாலிபான்களின் சொத்து, பயணம், ஆயுதம் மீதுதான்.

2021 டிசம்பரிலேயே ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2615ஆம் தீர்மானம் அங்கே மனிதாபிமான உதவிக்கு விலக்கு கொடுத்தது. மறு வருடம் 2664ஆம் தீர்மானம் அதை ஐ.நா.வின் எல்லாச் சொத்து முடக்கத் தடைகளுக்கும் விரித்தது. நம் நாடே 2022 பிப்ரவரியில் பஞ்சாப் எல்லையில் உள்ள அட்டாரி வழியாக லாரி லாரியாகக் கோதுமை அனுப்பியதே! ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அதை வாங்கிக்கொண்டது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், தாலிபான் அல்ல.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2664ஆம் தீர்மானத்துக்கு ஆதரவாக 14 நாடுகள் வாக்களித்தபோது இந்தியா மட்டும் ஒதுங்கி நின்றது. உதவி ஆயுதக் குழுக்களின் கைக்குப் போய்விடும் என்ற கவலைதான் காரணம். அப்புறம், இந்த விலக்கு ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவை, அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றுக்குத்தான். திருநெல்வேலியில் இருந்துகொண்டு முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் பணம் போட்டால் இது காப்பாற்றாது.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகக் காத்திருந்தவர்கள் நாம். பசித்தவனுக்குப் போகும் சோற்றைக் குற்றம் என்று பரப்பாதீர்கள். பதிவைத் திருத்திவிடுங்கள், அண்ணாச்சி.