மடை திறக்கும் மனம் யாருடையது?
இரட்சிப்பில் கடவுளின் கிருபைக்கும் (இலவசமாய்த் தரும் அருளுக்கும்) மனித முயற்சிக்கும் உள்ள பங்கைப் பற்றிய கட்டுரையில், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவது கடவுள், வயலுக்கு மடை திறப்பது மனிதன் என்று கட்டுரையாளர் சொல்லும் உவமை, நள்ளிரவில் முறைத்தண்ணீருக்காக மண்வெட்டியோடு வரப்பில் காத்து நிற்கும் எங்கள் ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும் என்றாலும், அப்போஸ்தலர் பவுல் சொன்னதில் பாதியோடு நின்றுவிடுகிறது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் (2:12) இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று கட்டளையிடும் அவர், அடுத்த வசனத்திலேயே விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். அப்படியானால் மடையைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே கடவுள் தந்ததுதான். பிரான்சின் ஒராஞ்சு நகரில் கி.பி. 529இல் கூடிய திருச்சபைச் சங்கமும் விசுவாசத்தின் தொடக்கமே கிருபையின் செயல் என்றுதான் முடிவு செய்தது. அதே சங்கம், தீமைக்கென்று எவரையும் கடவுள் முன்குறித்தார் (முன்னதாகவே தீர்மானித்தார்) என்பதைக் கடுமையாக மறுத்ததையும் (இதை மட்டும் நம் பிரசங்கிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்) கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.