சாக்கிடம் யாரும் கேட்காத கேள்வி

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பி வைத்த அத்தனை பேருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். முதலில் வந்தபோதே பார்த்துவிட்டேன். அப்புறமும் "பார்த்தீங்களா?", "இது உங்க வீட்டு நாய்தானே?" என்று வந்துகொண்டே இருந்ததால் வேண்டாவெறுப்பாக இன்னும் சில தடவை பார்த்தேன். ஆமாம், அது என் நாய் சிண்டுவின் கிண்ணம்தான். நான் இங்கே போட்ட படம்தான். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, அதிலிருந்த பச்சைக் கோழிக் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "பாசம் என்ற பெயரில் நடக்கும் கொடுமை" என்று தலைப்பும் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை.

நான் சொல்லப்போவது ஒரே விஷயம். நாய்க்குப் பச்சை இறைச்சி போடுகிறவர்களிடம் என்ன போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள், யாரைக் கேட்டுப் போடுகிறீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் சாக்கைப் பிரித்து, கிப்பிள் என்கிற காய்ந்த உருண்டை உணவைக் கொட்டுகிறவரிடமும் அதில் ஒன்றையாவது கேளுங்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சாக்கின் மேல் பளபளவென்று ஒரு லாப்ரடார் சிரிக்கிறது, அது போதும். என்னிடமும் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்கு நேராகத் தீர்ப்புதான்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிண்ணத்தில் இருந்தது கோழித் தசை, மாட்டு இதயம், இரண்டு கோழிக் கழுத்து, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் மண்ணீரல். ரா ஃபீடிங், அதாவது பச்சை இறைச்சி போடுவதை, செய்கிறவர்கள் 80-10-10 என்று சொல்வார்கள். 80 சதவீதம் தசை, 10 சதவீதம் எலும்பு, 10 சதவீதம் உள்ளுறுப்பு, அதில் பாதி ஈரல். ஈரல் அதற்கு மேல் போனால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து தொல்லை கொடுக்கும். இந்தக் கணக்கு ஆரம்பம்தான். இதை மட்டும் வைத்துக்கொண்டு காலத்துக்கும் ஓட்டினால் மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் குறையும். அதனால்தான் சிண்டுவின் அளவுகளை நான் யாரோ சொன்னார்கள் என்று போடவில்லை. கால்நடை உணவியல் படித்த ஒரு டாக்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். எதை எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் என் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கேட்டிருந்தால் அதையும் படம் எடுத்து அனுப்பியிருப்பேன்.

காணொளியில் அந்த அண்ணன் ஒரு இடத்தில், "வெறும் கறியைப் போட்டால் நாயின் எலும்பு வலுவிழந்துவிடும்" என்கிறார். முற்றிலும் சரி. நாயின் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் 1:1க்கும் 2:1க்கும் இடையில் இருக்க வேண்டும். வெறும் தசையில் பாஸ்பரஸ்தான் கால்சியத்தைப் போல 15, 20 மடங்கு இருக்கிறது. அதையே தொடர்ந்து போட்டால், ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவும். குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். இதெல்லாம் சரிதான் அண்ணே. ஆனால் அந்தக் கால்சியம் நாய்க்கு எதிலிருந்து கிடைக்கும் என்று நினைத்தீர்கள்? நீங்கள் சிவப்பு வட்டம் போட்டீர்களே, அந்தக் கழுத்திலிருந்துதான்.

"எலும்பு தொண்டையில் சிக்காதா?" சிக்கலாம். வெந்த எலும்பு என்றால் சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலையே கிழிக்கும், அதனால் அதை ஒருநாளும் போடக்கூடாது. மாட்டுத் தொடை எலும்பைப் பச்சையாகவும் நான் கொடுப்பதில்லை, பல் உடையும். கழுத்து எலும்பு சின்னது, பச்சையாக இருக்கும்போது நொறுங்கும். அதையும் கடிக்காமல் விழுங்குகிற நாய் என்றால் அரைத்துத்தான் போட வேண்டும். சிண்டு மென்று தின்கிறவள். தின்று முடிக்கும் வரை நான் பக்கத்திலேயே நிற்கிறேன். போதுமா?

இப்போது சாக்குக்கு வருவோம்.

லண்டனில் 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்தார். இன்று நாம் கிப்பிள் என்று சொல்கிற உருண்டை அதற்கு ரொம்பப் பிந்தியது, 1950களில் வந்த எக்ஸ்ட்ரூஷன் முறையில் பிறந்தது. இறைச்சித் தூள், தானிய மாவு எல்லாவற்றையும் நீராவியோடு பிசைந்து, அழுத்தத்தில் ஓர் அச்சு வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் பொரிகிறது. காயவைத்து, மேலே கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அது பொரிந்து உருண்டையாக நிற்க மாவுச்சத்து வேண்டும். நாய்க்கு வேண்டுமோ இல்லையோ, இயந்திரத்துக்கு வேண்டும். "தானியமே இல்லை" என்று பெருமையாக விற்கிற சாக்குகளிலும் அந்த இடத்தில் பட்டாணியோ பருப்போ உருளைக்கிழங்கோ இருக்கும். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, இப்படிப்பட்ட உணவுகளுக்கும் நாய்களுக்கு வந்த ஒருவகை இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தது. இதுதான் காரணம் என்று அவர்கள் இன்றுவரை உறுதியாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கிப் போட்டவர்கள் வீட்டுக் கிண்ணத்துக்கு யாராவது சிவப்பு வட்டம் போட்டார்களா?

சாக்கின் பின்பக்கத்தைத்தான் ஒருமுறை படித்துப் பாருங்களேன். பல சாக்குகளில் முதல் பொருள் "கோழி" என்று இருக்கும். பொருட்களை எடைப்படி வரிசைப்படுத்துவார்கள். பச்சைக் கோழியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரோடு நிறுத்துப் பார்த்ததால்தான் அதற்கு முதல் இடம். உருண்டை காய்ந்து முடிக்கும்போது அதில் ஈரம் 10 சதவீதம் சுமார்தான் மிஞ்சும். அப்போது அந்தக் கோழி எத்தனையாவது இடத்துக்குப் போயிருக்கும்? சில சாக்குகளில் "இறைச்சி மற்றும் விலங்குசார் பொருட்கள்" என்று மட்டும் போட்டிருக்கும். எந்த விலங்கு, எந்தப் பகுதி? கேட்டீர்களா?

இனி கிருமி. எல்லாரும் வந்து நிற்கிற இடம் இது, எனக்குத் தெரியும். மறைக்க எதுவும் இல்லை. 2010 முதல் 2012 வரை எஃப்டிஏ நடத்திய சோதனையில் கடையில் விற்ற 196 பச்சை உணவு மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 15இல் சால்மொனெல்லா, 32இல் லிஸ்டீரியா. சின்ன எண்ணிக்கை இல்லை. உறையவைத்தால் சால்மொனெல்லா செத்துவிடும் என்று நம்மில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2012இலேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கைக்குழந்தை, வயதானவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் உள்ள வீடு என்றால் நானும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். நேரில் சொல்லியும் இருக்கிறேன், கேட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். என் வீட்டில் அதற்கென்று தனி வெட்டுப் பலகை, தனிக் கத்தி. கிண்ணம் ஒவ்வொரு வேளையும் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவப்படுகிறது. அவள் தின்றவுடன் யார் முகத்தையும் நக்க விடுவதில்லை. பறவைக் காய்ச்சல் பற்றிய செய்தி வந்தால் பச்சைக் கோழியை நிறுத்திவிட்டு வேகவைத்துத்தான் போடுகிறேன், கழுத்துக்குப் பதிலாக அளந்த முட்டையோட்டுத் தூள்.

இவ்வளவும் நான் செய்கிறேன். கிப்பிளைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு அதே கையால் பிஸ்கட் எடுத்துத் தின்கிற எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? 2012இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 பேருக்குச் சால்மொனெல்லா வந்தது. காய்ந்த நாய் உணவுச் சாக்கிலிருந்து வந்தது. 2020 முடியும் நேரத்தில் சோளத்தில் பிடித்த பூஞ்சையின் நஞ்சு, அஃப்லடாக்சின், கிப்பிளுக்குள் போய் 70க்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. அத்தனை சூட்டில் வெந்தும் அந்த நஞ்சு அழியவில்லை. 2007இல் நடந்தது இன்னும் மோசம். புரதம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்று கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தார்கள், நாய் பூனைகளுக்குச் சிறுநீரகம் போயிற்று. ஒரே நிறுவனம் 6 கோடிக்கு மேல் டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. (அது ஈர உணவு, கிப்பிள் இல்லை என்று யாராவது வருவீர்கள். ஆமாம், ஈர உணவுதான். அதுவும் மூடி போட்டு லேபிள் ஒட்டி வந்ததுதானே?) இதையெல்லாம் காட்டிச் சாக்குக்காரர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் என்றைக்காவது எழுதியிருக்கிறேனா?

நான் ஏன் இதற்குள் வந்தேன் என்று பழையவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிண்டு குட்டியாக வந்தபோது சாக்கு உணவுதான் தின்றாள். வயிறு நிலைக்கவே இல்லை. காலையில் எழுந்ததும் வீட்டில் எந்த மூலையைத் துடைக்க வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பேன். மலப் பரிசோதனை, குடற்புழு மருந்து, ஆன்டிபயாடிக், இன்னொரு சாக்கு, அதைவிட விலையான இன்னொரு சாக்கு. நாங்கள் போன மருத்துவமனையில் காத்திருக்கும் அறையின் ஒரு சுவர் முழுக்க அந்தச் சாக்குகள்தான் அடுக்கியிருக்கும். வீட்டில் சமைத்தோ பச்சையாகவோ போட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்ட அன்று, அந்த டாக்டர் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். "அப்படின்னா வேற இடம் பாத்துக்குங்க." வேற இடம் பார்த்தேன். அங்கே கேள்வி கேட்டார்கள், என் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். மெதுவாக மாற்றினோம். வயிறு நிலைக்கு வந்தது. இது என் நாய்க்கு நடந்தது, அவ்வளவுதான். உங்கள் நாய்க்கும் நடக்கும் என்று நான் எழுதியதே இல்லை. என் பழைய பதிவுகளைத் தோண்டிப் பாருங்கள்.

"நாய் என்றால் ஓநாய்தானே, காட்டில் யார் கிப்பிள் போட்டார்கள்" என்று எனக்காகச் சண்டைக்குப் போயிருக்கிற நண்பர்களே, உங்கள் அன்புக்கு நன்றி, தயவுசெய்து நிறுத்துங்கள். நாய்கள் மனிதரோடு வாழ ஆரம்பித்த பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் அவற்றிடம் பெருகின என்று 2013இலேயே ஆய்வு வந்துவிட்டது. ஓநாய்க்கு 2 நகல்தான், நாய்க்கு 4 முதல் 30 வரை. சோறு போட்டாலும் நாய் செரிக்கும். அதுவும் என் வீட்டு ஓநாய், அழைப்பு மணி அடித்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதேபோல் "கிப்பிள் விஷம்" என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. கிப்பிளே தின்று முதுமை வரை வாழ்ந்த நாய்கள் எத்தனையோ. என் சண்டை கிப்பிளோடு இல்லை. எத்தனை முறை சொல்வது?

"எல்லாராலும் இப்படிச் செய்ய முடியுமா?" முடியாது. எல்லாரும் செய்யுங்கள் என்று நான் சொன்னேனா?

இவ்வளவும் கூட விட்டிருப்பேன். வட்டம் போட்டவர் யாரோ, என்னைத் தெரியாதவர், சிண்டுவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். என்னை உட்காரவைத்து இதை எழுத வைத்தது அந்தக் காணொளியின் கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருந்த ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும். "எனக்கும் இப்படி ஒரு ஆளத் தெரியும், பாவம் அந்த நாய்" என்று ஒரு வரி வேறு.

உன் நாய்ப் பையனுக்கு ஆபரேஷன் ஆனபோது அவன் எங்கே இருந்தான்? என் வீட்டில். கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு கதவு, சுவர் எல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தான். நீ கொடுத்த சாக்கிலிருந்து, நீ கொடுத்த அளவுக் கப்பில், நீ எழுதிக் கொடுத்தபடிதான் போட்டேன். மெல்ல முடியாமல் துப்பினான், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கையால் ஊட்டினேன். சிண்டுவின் கிண்ணத்தில் ஒரு துண்டு அவன் பக்கம் போகவில்லை. அது உன் நாய், உன் முடிவு. அந்தச் சாக்கைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசினேனா? பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. நீ அன்று வந்து அவனைக் கூட்டிப் போகும்போது, "உன்னைத் தவிர வேற யார்கிட்டயும் விட மாட்டேன்" என்று சொன்னாய். சிண்டு பாவம் என்று அப்போது தோன்றவில்லையா? இல்லை, தோன்றியும் விட்டுப் போனாயா? எது என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "என்ன போடுற, சரியா இருக்கா" என்று திட்டியாவது கேட்டிருக்கலாம். திட்டு வாங்கிக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதப் பயணத்துக்கு அவனை எங்கே விடுவது என்று நீ இன்னும் சொல்லவில்லை. இங்கேயே விடலாம், அவன்மேல் எனக்கு என்ன கோபம்? சாக்கையும் கப்பையும் கொடுத்து அனுப்பு. காலைக்கு எத்தனை கப், ராத்திரிக்கு எத்தனை என்று இந்தத் தடவையாவது தெளிவாக எழுது. போன தடவை நீ எழுதியிருந்தது ஒன்றா ஒன்றரையா என்று புரியாமல் உனக்குப் போன் போட்டுத்தான் கேட்டேன்.