ஏறுவதைப் பற்றி எழுதினீர்கள், இறங்குவது?

ஓஸ்லோவில் மெட்ரோ பிடித்து ஃப்ரொக்னர்செத்தரென் போய், நேரே நூர்மார்க்கா காட்டுக்குள் ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில், கிளம்பிவிடலாம் என்கிறது உங்கள் கட்டுரை. போகலாம்தான். ஆனால் அந்த நிலையமே 469 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மேடும் பள்ளமும்தான். புதியவர்களுக்கு இறக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

காட்டுத் தடங்களில் ஏறி இறங்கி நெடுந்தூரம் போகும் கிராஸ்கன்ட்ரி ஸ்கீயில் குதிகால் கட்டப்படுவதில்லை. தடங்களுக்கான ஸ்கீயில் பெரும்பாலும் உலோக விளிம்பும் இராது. அதனால் வேகம் கூடிய பிறகு பிரேக் போட்டால் லேசில் நிற்காது. சரிவு தொடங்குமுன்பே ஒரு காலைத் தடப்பள்ளத்திலிருந்து (ஸ்கீ ஓடுவதற்காகப் பனியில் வெட்டிய பள்ளம்) வெளியே எடுத்து, ஸ்கீயின் முனையை உள்ளேயும் குதிகாலை வெளியேயும் வைத்து உள்விளிம்பை அழுத்துங்கள். மற்றக் கால் பள்ளத்திலேயே இருக்கட்டும், திசையை அது பார்த்துக்கொள்ளும். செங்குத்தாக இருந்தால் இரண்டு கால்களையும் வெளியே எடுத்து அதே மாதிரி அகட்ட வேண்டும். முழங்கால் மடங்கியிருக்கணும், கைத்தடிகளின் முனை பின்னோக்கி இருக்கணும். பயத்தில் பின்னால் சாய்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் விழுகிறார்கள்.

ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்கினால், பெரும்பாலும் பிடிப்புக்காக ஸ்கீயின் அடியில் பூசிய மெழுகு அன்றைய குளிருக்குக் கடினமாக இருக்கும். காலடியில் பனி கட்டிகட்டியாக ஒட்டினால் மெழுகு மிக மென்மை. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் அடியில் ரோமப்பட்டை வைத்த ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள்.

பகலில் உருகி இரவில் இறுகிய தடத்தில் எந்த பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஸ்கீயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து இறங்குங்கள். தடப்பள்ளத்தை மட்டும் மிதிக்காதீர்கள். விழுந்த இடத்தில் குழி இருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.